ஊசிமுனை: பிள்ளைக்கு ஒரு விரிப்பு

போன இதழில் "தங்கைக்குப் பிரசவம் நெருங்குகிறது, கையால் ஏதாவது தைத்துத் தரவேண்டும்" என்று கேட்ட ஒரு வாசகிக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைத்துணி பற்றியவைதான். அதனால் ரவிக்கைக் கழுத்தையும் சுடிதார் கையையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். ஈரோட்டில் தையல் வகுப்பு நடத்துகிறவள் நான். பதில்களில் ஊர் வாடை அங்கங்கே அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு இது எட்டாம் மாதம். என் பழைய நூல் புடவைகளில் விரிப்பு தைக்கலாம் என்று எடுத்து வைத்தேன். "பழசு சுத்தமா இருக்காதும்மா, புதுத்துணி வாங்கு" என்கிறாள் மகள். சம்பந்தியம்மா பழசுதான் வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, தாராபுரம்

சம்பந்தியம்மா சொல்வது சரி. மகள் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம்.

பழைய நூல் புடவையில் கடைக்கஞ்சி போயிருக்கும், இளகுகிற சாயம் இளகி முடிந்திருக்கும், சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும். புதுப் பருத்தித் துணி முதல் சில சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 40 அங்குலத்தில் 2 அங்குலம் காணாமல் போனால் ஓரமெல்லாம் முறுக்கிக்கொள்ளும். மகளின் ஆசைக்குப் புதுசே எடுத்தாலும், இரண்டு தடவை ஊறவைத்து அலசிக் காயவைத்த பிறகு கத்தரிக்கோலைத் தொடுங்கள்.

எந்தப் புடவை என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூலையில் இரண்டு இழையை உருவி நெருப்புக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, விரலில் தேய்த்தால் பொடியாகிற சாம்பல் மிஞ்சினால் அது பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியெஸ்டர் கலந்தது, வியர்வையை உறிஞ்சாது, தள்ளி வையுங்கள். அப்புறம் துணியை வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இழை விலகிக் கண் திறந்தால் அந்த இடம் இற்றுவிட்டது. இடுப்பில் சொருகுகிற இடமும் தரையில் உரசுகிற கீழோரமும்தான் முதலில் இறும். முந்தி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், ஆனால் ஜரிகை இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், குத்தும். 5.5 மீட்டர் புடவை முழுக்க நன்றாக இருந்தால் 36 அங்குல நீளத்தில் 6 துண்டு விழும். இரண்டடுக்காகத் தைத்தால் 3 விரிப்பு. மூன்றும் வேண்டும்தான். ஒன்று பிள்ளைக்கு அடியில், ஒன்று கொடியில், ஒன்று வாளியில் என்றுதான் முதல் மூன்று மாதம் ஓடும்.

சுத்தத்துக்கு வழி இதுதான்: வெட்டிய துண்டுகளைச் சோப்புப் போட்டுத் துவைத்து, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, வெயிலில் மொரமொரவென்று காயவிட்டு, சூடாக இஸ்திரி போடுங்கள். மகள் வாய் திறக்க மாட்டாள்.

ஆனால் ஒன்று. அந்தப் புடவைகள் பீரோவில் அந்துருண்டையோடு கிடந்தவையா? அப்படியானால் இந்தப் பேச்சே வேண்டாம். அந்துருண்டையில் இருக்கிற நாப்தலீன், ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. அதன் ஆவி ஏறிய துணியில் சுற்றினாலே ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். அந்தக் குறை இருக்கிறதா என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எவ்வளவு ஆசைப்பட்ட புடவையானாலும் அந்த வாடை அடித்தால் எடுக்காதீர்கள். தைத்து முடித்த விரிப்பைப் பத்திரப்படுத்துவதற்கும் காய்ந்த வேப்பிலை, வசம்புத்துண்டு இரண்டும் போதும். துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடுங்கள்.

நடுவில் பாலியெஸ்டர் பஞ்சு வைத்து, மேலே முயல் படம் வைத்துத் தைத்து, தடிமனாக ஒரு குவில்ட் செய்துகொண்டிருக்கிறேன். பிள்ளை தூங்கும்போது கழுத்து வரை போர்த்த எவ்வளவு நீளம் வேண்டும்?
– வாசகி, வேளச்சேரி

போர்த்த வேண்டாம் கண்ணு. விரிக்கத் தை, போர்த்தத் தைக்காதே என்பதுதான் என் வகுப்புக்கு வருகிற பெண்களிடம் நான் முதலில் சொல்வது.

கைக்குழந்தைக்கு முகத்தில் விழுந்த துணியை விலக்கத் தெரியாது. தடித்த துணி மூக்கை மூடினால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், உடம்பும் சூடேறும். முதல் 12 மாதம் வரை, பிள்ளை தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வையோ குவில்ட்டோ தலையணையோ இருக்கக்கூடாது, கெட்டியான சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி 1994இல் அந்த நாட்டில் பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்குள், தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

"அது வெள்ளைக்காரன் ஊருக்கு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். குளிர்கிற ஊருக்கே வேண்டாம் என்றால் வேளச்சேரிக்கு எதற்கு? சித்திரை வெயிலில் பிள்ளைக்குக் குல்லா, காலுறை, மேலே ஒரு கம்பளி என்று கட்டிவைத்திருக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கே வியர்க்கிறது. உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருக்கிறது என்று பயப்படாதே, பச்சைப்பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். பின்கழுத்தையோ மார்பையோ தொட்டுப் பார். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி, பிசுபிசுத்தால் ஒரு துணியைக் கழற்று. குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த பிள்ளைக்கு எப்படிக் கதகதப்புக் கொடுப்பது என்பதை மட்டும் டாக்டர் சொல்லட்டும். அது தையற்காரி வேலை இல்லை.

மல் துணியில் சுற்றுகிறோமே என்பாய். சுற்றலாம். கால் இரண்டும் தவளைக்கால் போல மடங்கி விரிய இடம் விட்டு, மேலே மட்டும் சுற்ற வேண்டும். காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். புரளப் பார்க்கிறது என்று தெரிந்த அன்றைக்கே சுற்றுவதை நிறுத்திவிடு.

உன் முயல் குவில்ட் வீணாகப் போகாது. பிள்ளை விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டலாம். ஒரு வயது தாண்டினால் போர்த்திக்கொள்ளட்டும். அதை மனதில் வைத்து 40க்கு 50 அங்குலமாகத் தைத்துவிடு, நாலு வயது வரை காலுக்கு எட்டும்.

விரிப்பில் கண்ணாடி, மணி, பொத்தான், லேஸ் எல்லாம் வைக்கலாமா? பேர் எம்பிராய்டரி போடலாமா?
– வாசகி, மன்னார்குடி

கண்ணாடி கூடாது. மணி கூடாது. பொத்தான் கூடாது. லேஸில் விரல் மாட்டும். பேர் போடலாம், வைத்த பிறகு! ஓரமாகச் சங்கிலித் தையலில் போட்டு, பின்பக்கம் நூல் நீள நீளமாகத் தாவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தை ஒரு மல் துண்டால் மூடித் தைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் நான். மெஷின் தெரியாது. பொத்தான் தைப்பேன், அவ்வளவுதான். பேத்திக்கு என் கையால் ஒரு விரிப்பு தைக்க முடியுமா? சிரிக்காமல் பதில் சொல்லவும்.
– வாசகர், கோவில்பட்டி

சிரிக்கவில்லை அண்ணா. பொத்தான் தைக்கத் தெரிந்தவருக்கு ஓட்டுத்தையல், அதாவது ஊசியை மேலும் கீழும் நுழைத்து நேராக ஓட்டுகிற தையல், வராமல் போகாது. இந்த விரிப்புக்கு அது ஒன்றே போதும்.

உள்ளே வைக்கப் பழைய நாலு முழ வேட்டி ஒன்று. மேலும் கீழும் வைக்க அண்ணியின் பழைய நூல் புடவை ஒன்று, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேட்டியின் கரையை வெட்டி எடுத்துவிட்டு 36 அங்குலச் சதுரமாக இரண்டு துண்டு. மேலே வைக்கப் புடவையில் அதே அளவு ஒன்று. அடியில் வைப்பது மட்டும் 39 அங்குலம், அதாவது சுற்றிலும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக. நாலிலும் இழை ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்று நெடுக்கும் ஒன்று குறுக்கும் என்று வைத்தால் துவைத்த பிறகு ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

பாயில் விரிக்க வேண்டாம், ஊசி கோரையில் மாட்டும். வழவழப்பான தரையில் அடித்துணியை விரித்து மூலைகளில் செல்லோடேப் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இழுத்துப் பிடிக்க வேண்டாம். அதன்மேல் வேட்டித்துண்டு இரண்டு, கடைசியாக மேல்துணி. நடுவிலிருந்து நாலு பக்கத்துக்கும் நாலு மூலைக்கும் பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொள்ளுங்கள். இது கடைசியில் பிரித்து எடுக்கிற தையல், அழகு வேண்டாம். குண்டூசி குத்தலாம்தான். ஆனால் எண்ணிக் குத்தி எண்ணி எடுக்க வேண்டும். டிக்கெட் கணக்கு தப்பாத ஆள் நீங்கள் என்றாலும், பிள்ளைத்துணியில் குண்டூசியே வேண்டாம்.

இனி நிஜத்தையல். சாக்கட்டியால் 2 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். மெழுகுவத்தியில் ஒருதரம் அழுத்தி இழுத்தால் முறுக்கிக்கொள்ளாது. நுனியில் சின்னதாக ஒற்றை முடிச்சு. தொடங்க வேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, மேல்துணிக்குள் மட்டும் ஊசியை நுழைத்து, தொடங்கும் இடத்தில் வெளியே எடுங்கள். நூலை இழுத்தால் முடிச்சு துணிமேல் வந்து முட்டி நிற்கும். இன்னும் கொஞ்சம் வெடுக்கென்று இழுங்கள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். முடிச்சு உள்ளே போய் அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். மெஷின் வீட்டில் இருந்தாலும் அந்தச் சத்தத்துக்காகவே நான் சிலதைக் கையால் தைப்பேன்.

வலது நடுவிரலில் அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் இருக்க விரல்நுனியில் போடுகிற தொப்பி) மாட்டிக்கொள்ளுங்கள். இடது கை துணிக்கு அடியில் இருக்கட்டும். ஊசிமுனை அந்த விரலை லேசாகத் தொட்டதும் மேலே திருப்ப வேண்டும். அப்போதுதான் நாலு அடுக்கிலும் தையல் விழுந்தது உறுதி. இப்படி மூன்று நாலு தையலை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுங்கள். துணி லேசாகக் குழிந்தால் போதும், சுருங்கினால் அதிகம். நடுக்கோட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி புடைத்துக்கொண்டு நிற்கும். முதல் வரிசை கோணலாகத்தான் வரும், பிரிக்காதீர்கள். நாலாவது வரிசைக்குள் கை படிந்துவிடும்.

நூல் முடிகிற இடத்தில் இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு, மிச்சத்தை அடுக்குக்குள்ளே ஓர் அங்குலம் ஓட்டி, ஒட்ட வெட்டுங்கள். இதில் சோம்பல் கூடாது. வெளியே தொங்குகிற ஒற்றை இழை பிள்ளையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். கால்விரலில் தலைமுடி சுற்றியும் இப்படி ஆவதுண்டு. காரணம் தெரியாமல் பிள்ளை வீறிட்டால் விரல்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியில் அடித்துணியின் கூடுதல் ஓரத்தை இரண்டாக மடித்து மேலே கொண்டுவந்து ஹெம்மிங் செய்துவிட்டால் தனியாகப் பட்டி வேண்டாம். தினம் இரண்டு வரிசை போட்டாலும் பத்து நாளில் பேத்தி அதில் படுத்திருப்பாள்.

மிதி மெஷினில் நாலடுக்கு வைத்துத் தைக்கும்போது கீழ்த்துணி ஓடிவிடுகிறது, மேல்துணி பின்தங்கி மடிப்பு விழுகிறது. என்ன செய்வது?
– வாசகி, சேலம்

ஊசிக்கு அடியில் இருக்கிற மெஷினின் பல் கீழ்த்துணியைத்தான் தள்ளும். மேல்துணியை, ஊசியை ஒட்டி இருக்கிற மெஷினின் கால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காலின் அழுத்தத்தைக் கூட்டுகிற திருகு தலைப்பக்கம் இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தையல் நீளத்தைக் கூட்டுங்கள். 16ஆம் நம்பர் புது ஊசி போடுங்கள். ஒரு வரிசை மேலிருந்து கீழே, அடுத்தது கீழிருந்து மேலே என்று தைத்தால் துணி அலையலையாக இழுக்கும், எல்லா வரிசையையும் ஒரே திசையில் ஓட்டுங்கள். நிறைய தைக்கப்போகிறீர்கள் என்றால் வாக்கிங் ஃபுட் என்று கேட்டு உங்கள் மெஷினுக்குப் பொருந்துவதை வாங்கலாம். அது மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும்.

நேரான ஓரத்துக்குக் கிராஸ் பட்டி (இழைக்குக் கோணலாக வெட்டுகிற பட்டி) வெட்டித் துணியை வீணாக்காதீர்கள். நேர்பட்டி போதும். வளைவு வந்தால்தான் கிராஸ்.

குவில்ட் தைப்பது மேல்நாட்டுப் பழக்கம்தானே? நம்மவர்கள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு அலைகிறோம்?
– கல்லூரி மாணவி, சிதம்பரம்

யார் சொன்னது? பிஹாரில் முசாஃபர்பூர் மாவட்டத்துப் புஸ்ரா பக்கம் சுஜனி என்று தைக்கிறார்கள். இன்றைக்கு அது படமெல்லாம் வரைந்து, புவிசார் குறியீடும் வாங்கிய கைவேலை. தொடங்கியது என்னவோ பச்சைப்பிள்ளைக்குத்தான். பழைய புடவை, வேட்டித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓட்டுத்தையல் போட்டு அதில் பிள்ளையைச் சுற்றி எடுப்பார்கள். கந்தல்துணிக்கென்றே அங்கே ஒரு அம்மன் உண்டு, சித்திரியா மா என்று பெயர்.

வங்காளத்தில் காந்தா. கிழிந்த புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைகளின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவித் தைத்தார்கள். நூலுக்குக்கூடக் காசு செலவழிக்காத கெட்டிக்காரிகள். மகாராஷ்டிரத்தில் கோதடி. கர்நாடகத்தில் கவுதி. அதே கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டம் எல்லாபூர், ஹளியாள் பக்கத்துச் சித்தி மக்கள் தைப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்களின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண்கள் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே நடுவில் போய் முடிப்பார்கள். மாதிரி வரைவதில்லை. கையில் அடுத்து எந்தத் துண்டு வருகிறதோ அதுதான் மாதிரி. நாலு மூலையிலும் மடித்த துணியைப் பல அடுக்காக வைத்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாத விரிப்பு அவர்கள் கண்ணுக்கு அம்மணம். பிள்ளைகளுக்கென்று சின்ன அளவிலும் தைப்பதுண்டு.

நம் வீடுகளிலும் அப்பத்தாமார்கள் பழம்புடவையை நாலாக மடித்து நாலு பக்கமும் ஓட்டிப் பிள்ளைக்கு அடியில் போட்டவர்கள்தான். அதில் பூவும் படமும் போடவில்லை, அதனால் கைவினை என்று யாரும் படம் பிடிக்க வரவில்லை. புடவையையே தூளியாகக் கட்டிவிடுகிற ஊரில் மெத்தைக்கு அவ்வளவு வேலை இல்லாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம்.

கறுப்பு வெள்ளைக் கட்டம்தான் பிறந்த குழந்தைக்கு நன்றாகத் தெரியும் என்று படித்தேன். கறுப்பு என்றதும் மாமியார் முகம் சுளிக்கிறார்.
– வாசகி, நாகர்கோவில்

படித்தது சரிதான். பிறந்த பிள்ளைக்கு 8 முதல் 12 அங்குலத் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதிலும் அடர்த்தியும் வெளுப்பும் பக்கம்பக்கமாக இருந்தால் பார்வை அங்கே நிற்கும். கறுப்புதான் வேண்டும் என்றில்லை, கருநீலமும் வெள்ளையும் அதே வேலையைச் செய்யும். கன்னத்திலும் காலிலும் கறுப்பு மை அப்புகிற அத்தைக்குத் துணியில் மட்டும் கறுப்பு ஏன் ஆகாது என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். கருநீலமே எடுங்கள்.

ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஒட்டாததாக எடுக்க வேண்டும். உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்பி இருக்காதீர்கள், அலசுகிற தண்ணீர் தெளியும் வரை அலசுவதுதான் வழி. நாலைந்து தடவைக்கு மேலும் தெளியவில்லையா, அந்தத் துணி சோபா உறைக்கு.

பிள்ளை விரிப்பில் கறை போகவே மாட்டேன் என்கிறது. வெந்நீரில் ஊறவைத்தும் பயனில்லை.
– வாசகி, விழுப்புரம்

வெந்நீர்தான் கறையைப் பிடித்து உட்காரவைக்கிறது. மலக்கறை, பால்கறை எதுவானாலும் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் சோப்பு, கறை போன பிறகே வெந்நீர். மஞ்சள் கறையை அலசிவிட்டு வெயிலில் போடுங்கள், வெயில் பட்டால் தானே வெளுக்கும். பிறந்ததும் போகிற கறுப்பு மலம் மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும், ஈரம் காய்வதற்குள் சோப்பைத் தேய்த்துவிட வேண்டும்.

வாசனைக்காக ஊற்றுகிற ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம். துணியின் உறிஞ்சுகிற சக்தியைக் குறைத்துவிடும், அப்புறம் மேலே விட்டது மேலேயே நிற்கும்.

தடிமன் பற்றி ஒரு வார்த்தை. எத்தனை அடுக்கு என்பதை உங்கள் வீட்டுக் கொடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பஞ்சு வைத்த விரிப்பு ஐப்பசி மழையில் மூன்று நாளானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும், முக்கல் வாடை வந்துவிடும். பருத்தியில் இரண்டடுக்கு என்றால் ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும். தரை குளிர்கிறது என்றால் அடியில் பவானி ஜமுக்காளத்தை விரித்து அதன்மேல் இதைப் போடுங்கள். ஜமுக்காளம் பிள்ளைத் தோலுக்குச் சொரசொரப்பு, அடியில் கிடக்க அதைவிட நல்லது கிடையாது.

இங்கே தை மாதத்தில் பனி கொட்டும். மகளுக்கு அந்த நேரம்தான் பிள்ளை கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் பழகின தையல் கையில் இருக்கிறது. என்ன தைக்கலாம்? காரில் கொண்டுபோகும்போது கதிரையில் விரிக்கலாமோ?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

காரின் பிள்ளைக் கதிரையில், அதாவது குழந்தை இருக்கையில், பெல்ட்டுக்கு அடியில் குவில்ட்டோ தடித்த சட்டையோ கூடாது அக்கா. வண்டி மோதினால் பஞ்சு அமுங்கி, இறுக்கமாகத் தெரிந்த பெல்ட் தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பெல்ட்டை மாட்டிவிட்டு, மார்புக்குக் கீழே குவில்ட்டைப் போடுங்கள். வண்டிக்குள் சூடு ஏறியதும் எடுத்துவிடுங்கள். தள்ளுவண்டியை முழுக்க மூடிப் போடுவதும் வேண்டாம்.

இதற்கு 30க்கு 36 அங்குலம் தாராளம். மேலும் கீழும் ஃபிளானல், நடுவில் மெல்லிய பருத்திப் பஞ்சு ஷீட். ஃபிளானல் சாதாரணப் பருத்தியைவிட அதிகம் சுருங்கும், துவைக்காமல் வெட்டாதீர்கள். ராத்திரித் தூக்கத்துக்கு அங்கே கிடைக்கிற தூங்கும் பையையே வாங்கிப் போடச் சொல்லுங்கள், உங்கள் கைவேலை பகலுக்கு.

பிள்ளை விரிப்பு தைத்து விற்கலாம் என்று நினைக்கிறேன். விலை எப்படி வைப்பது?
– வாசகி, பல்லடம்

துணி வாங்கின விலையை இரண்டால் பெருக்குகிறவர்கள் ஆறு மாதத்தில் மெஷினை மூடி வைக்கிறார்கள். வெட்ட, அடுக்க, தைக்க, நூல் பிசிறு பார்க்க எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதுங்கள். உங்கள் ஊரில் பெண்களுக்கு ஒரு நாள் கூலி என்னவோ அதில் கணக்குப் போட்டுத் துணி, நூல் செலவோடு சேருங்கள். அந்த விலைக்குப் போகவில்லை என்றால் வேலையைச் சுருக்க வேண்டும், கூலியை இல்லை. துணிக்கு ஈரோட்டு ஜவுளிச்சந்தைக்கு வாருங்கள், திங்கள் ராத்திரியே களைகட்டிவிடும். உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருப்பூர் பனியன் கட்பீஸ் மலிவுதான், ஆனால் இழுபடும் துணி. அதற்கேற்ற ஊசியும் பழகின கையும் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

மகனுக்கு நாலு வயது. பிறந்தபோது அம்மா தைத்த விரிப்பு நைந்து நாறுகிறது. துவைக்கக்கூட விடமாட்டேன் என்கிறான். எப்படிப் பிடுங்குவது?
– வாசகி, மதுரை

ஏன் பிடுங்க வேண்டும்? டொனால்ட் வின்னிகாட் என்கிற இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் 1950களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்மாவை விட்டு விலகி நிற்கப் பழகும்போது பிள்ளை இப்படி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் என்றும், வீட்டார் அதைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்றும் சொன்னவர். துவைத்தால் வாசனை மாறும், உங்கள் பையன் அழுவது அதற்காகத்தான்.

அதனால் முழுசாகப் பிடுங்காமல், அந்தத் துணியையே அவனிடம் இருக்கவிட்டு இப்படிச் செய்யுங்கள். அவன் நன்றாகத் தூங்கின பிறகு எடுத்து, நைந்த பகுதியை வெட்டிவிட்டு, கெட்டியாக இருக்கிற இடத்தில் 12 அங்குலச் சதுரமாக இரண்டு துண்டு எடுங்கள். அம்மாவின் புடவை இன்னும் மிச்சம் இருந்தால் அதையே அடியில் வைத்து ஓரம் தையுங்கள். ஒன்றை அவன் கையில் கொடுங்கள், ஒன்றை ஒளித்து வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டிலும் அதே அழுக்கு வாசனை ஏறியிருக்கும், துவைக்கவும் முடியும். காலையில் துண்டு சின்னதாகிவிட்டதே என்று கேட்டால் பாட்டி தைத்தாள் என்று சொல்லுங்கள், அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்த மாதம் ரவிக்கைதான். பின்கழுத்து தொங்குகிறது, தோள் நழுவுகிறது என்று எழுதுகிறவர்கள் அளவுகளையும் சேர்த்து எழுதுங்கள். "சரியா வரலை" என்று மட்டும் எழுதினால் நான் எதைப் பார்த்துப் பதில் சொல்வது?